அட்டோ 3 வைத்திருக்கும் நான் இ.மாஸ் 7-ஐ ஓட்டிப் பார்த்தபோது

மின்சார கார்களைப் பற்றி நம் மலேசியாவில் வெளிவரும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பேரங்காடிக்குப் பேரங்காடி வேக சார்ஜரும், கூப்பிடு தூரத்தில் சேவை மையமும் இருப்பவர்களுக்கு அவை பயன்படலாம். ஊரைத் தாண்டினால் ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் ரப்பரும் நிற்கிற சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருப்பவருக்குத் தேவையான செய்திகள் அவற்றில் கிடைப்பதில்லை. வீட்டில் எத்தனை மணி நேரத்தில் சார்ஜ் ஏறும், லாரிகள் குழி பறித்த தோட்டச் சடக்கில் வண்டி எப்படிப் போகும், பழுதானால் எந்த ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பவைதான் இங்கே கேட்கப்படும் கேள்விகள். நான் 2023 முதல் பிவைடி அட்டோ 3 காரின் நீண்ட தூர வகையை ஓட்டி வருகிறேன். என் தம்பி அதற்கு நேர்ப் போட்டியாக வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 பிரீமியம் வகையை வாங்கியதும், நாங்கள் இருவரும் சாவிகளை மாற்றிக்கொண்டு, அவரவர் வழக்கமான வேலைகளுக்கே அடுத்தவர் வண்டியை எடுத்துச் சென்றோம். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் என்னைப் போன்ற பழைய உரிமையாளர்களை உறுத்துவது அதுதான். அட்டோ 3 மலேசியாவில் 2022 டிசம்பரில் அறிமுகமானபோது அதன் நீண்ட தூர வகை 167,800 ரிங்கிட்டுக்கு விற்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், இ.மாஸ் 7 பிரீமியம் 123,800 ரிங்கிட் என்ற அறிவிக்கப்பட்ட விலையோடு சந்தைக்கு வந்தது. இடையில் 44,000 ரிங்கிட் வேறுபாடு. பேட்டரியின் கொள்ளளவைப் பார்த்தால் அட்டோவில் 60.48 கிலோவாட் மணி, இ.மாஸில் 60.22 கிலோவாட் மணி. அதாவது, கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டுமே லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை. நிக்கலும் கோபால்ட்டும் சேராத இந்த வகை வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். நூறு விழுக்காடு வரை சார்ஜ் ஏற்றினாலும் மற்ற வகைகள் அளவுக்குச் சீக்கிரம் தளர்ந்துவிடாது. ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்கிற நம் நாட்டுக் கார்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேட்டரியை இந்த விலைக்குள் எதிர்பார்க்க முடியாது. ஆகவே பேட்டரியை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உட்காரும் இடத்தில் வேறுபாடு உடனே தெரிகிறது. இ.மாஸ் 7-இன் நீளம் 4,615 மில்லிமீட்டர். அட்டோ 3-இன் நீளம் 4,455 மில்லிமீட்டர். சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் வேறுபாடு 30 மில்லிமீட்டர்தான் என்றாலும், பின் இருக்கையில் அதைவிட அதிகமாக இடம் கிடைத்தது போலவே தோன்றுகிறது. மின்சார கார்களில் தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் தரை சற்று உயர்ந்து, பின்னால் உட்காருபவரின் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும்; தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது. மூட்டு வலி உள்ள எங்கள் அம்மாவை அட்டோவில் பினாங்குக்கு அழைத்துச் செல்லும்போது, வழியில் ஒரு முறையாவது நிறுத்தி அவரை நடக்க வைக்க வேண்டியிருக்கும். தம்பியின் வண்டியில் அதே பயணத்தை முடித்து இறங்கியபோது, “பெரியவனே, இதுல கால் மரத்துப் போகல” என்றார். விற்பனையாளரின் விளக்கக் கையேட்டில் எழுதியிருக்கும் எந்த எண்ணையும்விட அந்தச் சொல்லை நான் நம்புகிறேன். பிரீமியம் வகையின் முன் இருக்கைகளில் காற்றோட்ட வசதியும் இருக்கிறது. நண்பகலில் செம்பனைத் தோட்டத்து அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு வந்து ஏறும்போது முதுகு நனையாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பின்பெட்டியின் கொள்ளளவு அட்டோவில் 440 லிட்டர், இ.மாஸில் 461 லிட்டர். சந்தைச் சாமான்களும் அரிசி மூட்டையும் இரண்டிலும் அடங்கிவிடுகின்றன.

ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னால் இருப்பதில் அட்டோ பின்தங்கித்தான் போகிறது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் அதன் திரை வெறும் 5 அங்குலம். வேகமும் மீதமுள்ள தூரமும் சிறு எழுத்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இ.மாஸில் அது 10.2 அங்குலம், அதோடு பிரீமியம் வகையில் வேகத்தை முன் கண்ணாடியிலேயே காட்டும் வசதியும் உண்டு. அடைமழையில் லாரிக்குப் பின்னால் போகும்போது பார்வையைக் கீழே இறக்காமல் வேகத்தைத் தெரிந்துகொள்வது பாதுகாப்பைக் கூட்டுகிறது. நடுவில் இருக்கும் பெரிய திரையைப் பற்றி என் கருத்து வேறு. அட்டோவின் 12.8 அங்குலத் திரையை ஒரு பொத்தானை அழுத்திச் செங்குத்தாகவும் கிடையாகவும் திருப்பலாம், இ.மாஸின் 15.4 அங்குலத் திரை அசையாது. திருப்புகிற வசதியை வாங்கிய புதிதில் பயன்படுத்தியதோடு சரி. ஆனால் அட்டோவில் கியர் பிடிக்குப் பக்கத்திலேயே, பிரேக் ஆற்றலை மீட்டெடுக்கும் அளவை மாற்றுவதற்கு ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தே அதைக் கண்டுபிடித்து அழுத்திவிடலாம். இ.மாஸில் அந்த வேலையைத் திரைக்குள் நுழைந்து செய்ய வேண்டும். சமதரையில் ஓட்டுபவருக்கு இது சின்னக் குறை. மலைச் சாலையில் இது சின்னக் குறை அன்று.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஏறும்போது இரண்டு வண்டிகளிலும் பேட்டரியின் விழுக்காடு மளமளவென்று இறங்குகிறது. முதன்முறை பார்ப்பவருக்கு அது கலக்கத்தைத் தரும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பிரேக் கட்டைகளும் சூடேறாமல் தப்புகின்றன. அட்டோவில் வளைவுக்கு முன் கையை இறக்கிப் பொத்தானைத் தட்டினால் வண்டி தானே வேகம் குறைந்து இறங்கும். தம்பியின் வண்டியில் மலை உச்சியிலேயே, நிறுத்திய நிலையில், அளவை உயர்த்தி வைத்துவிட்டுத்தான் இறங்கத் தொடங்கினேன். மலையில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உச்சியில் விடுதியில் நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மீட்கப்படும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, ஆற்றல் மீட்பு குறைந்து, முழுச் சுமையும் சாதாரணப் பிரேக்கின் மேல் விழும். இது இந்த இரண்டுக்கு மட்டுமல்ல, எல்லா மின்சார கார்களுக்கும் பொருந்தும்.

இனித் தோட்டச் சடக்கு. லிந்தாங் சாலையில் போய் உள்ளே திரும்பினால், செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் தாரைப் பெயர்த்து வைத்த பகுதிகளும், அதன்பின் வெறும் செம்மண்ணும் வருகின்றன. இங்கே அட்டோ 3 தன் மென்மையால் வெல்கிறது. அதன் 18 அங்குலச் சக்கரங்களும் இளகிய சஸ்பென்ஷனும் குழிகளின் ஓரங்களை மழுக்கிவிடுகின்றன. இ.மாஸ் பிரீமியத்தின் 19 அங்குலச் சக்கரங்களில் டயரின் பக்கச்சுவர் மெலிந்து இருப்பதால், அதே குழியில் இறங்கும்போது ‘டக்’ என்ற அதிர்வு ஸ்டியரிங் வரைக்கும் வந்து சேருகிறது. நெடுஞ்சாலையில் இந்த நிலை தலைகீழாகிறது. 110 கிலோமீட்டர் வேகத்தில் பாதை மாறும்போது அட்டோ சற்றே ஊஞ்சலாடும், இ.மாஸ் நிலைகுலையாமல் போகிறது, காற்றின் இரைச்சலும் குறைவு. வாரத்தில் பெரும்பாலான நாள் தோட்டத்துக்குள் போய்வருகிறவருக்கும் வார இறுதியில் கோலாலம்பூர் போகிறவருக்கும் இதில் ஒரே பதில் இருக்க முடியாது.

இரண்டும் முன்சக்கரங்களால் இயங்குபவை. அட்டோவின் முறுக்குவிசை 310 நியூட்டன் மீட்டர், இ.மாஸின் முறுக்குவிசை 320. கால் வைத்த கணத்திலேயே இந்த விசை முழுவதும் சக்கரத்துக்கு வந்துவிடுவதால், மழை ஓய்ந்த செம்மண் ஏற்றத்தில் இரண்டுமே தடுமாறுகின்றன. ஒரு மாலையில் தம்பியின் வண்டியைக் கால்வாய்ப் பாலத்தை ஒட்டிய ஏற்றத்தில் திருப்பினேன். முன் டயர்களின் வரிப்பள்ளங்கள் முழுவதும் சேறு அப்பி வழுவழுவென்றாகியிருந்தது. முடுக்கியைத் தொட்டதும் இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு துடிக்க, சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. காலை முழுவதும் எடுத்துவிட்டு, கட்டைவிரல் கனத்தை மட்டும் வைத்து அழுத்தியபோது மெல்லப் பிடித்துக்கொண்டு ஏறியது. அட்டோவிலும் நான் இதே முறையைத்தான் கையாள்கிறேன். பார்வைக்கு உயரமாக இருப்பதால் இவற்றை நான்கு சக்கர இழுவை வண்டிகள் என்று எண்ணி, மழைக்காலத்தில் பழைய மரக்கன்று நடவுப் பகுதிகளுக்குள் யாரும் கொண்டுபோக வேண்டாம். வண்டியின் எடையும் குறைவல்ல. அட்டோ மட்டுமே 1,750 கிலோ. சிக்கிக்கொண்டால் நான்கு பேர் தள்ளி எடுக்கிற காரியமன்று.

நெடும்பயணத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டபிள்யூஎல்டிபி என்ற அனைத்துலகச் சோதனை அளவீட்டின்படி அட்டோ 420 கிலோமீட்டரும் இ.மாஸ் பிரீமியம் 410 கிலோமீட்டரும் ஓடும். குளிர்சாதனத்தை முழுமையாக வைத்து, நெடுஞ்சாலை வேகத்தில், குடும்பத்தோடு போகும்போது இரண்டிலும் 330 கிலோமீட்டரைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் என்பதால் போவதற்குக் கவலையில்லை. திரும்பி வருவதற்குத்தான் வழியில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இந்த இடத்தில் இ.மாஸுக்கு உண்மையான மேன்மை இருக்கிறது. நேர்மின் வேக சார்ஜரில் அட்டோ அதிகபட்சம் 80 கிலோவாட் வாங்கும், இ.மாஸ் பிரீமியம் 100 கிலோவாட் வாங்கும். 30 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு 20 நிமிடத்தில் ஏறும் என்று புரோட்டோன் சொல்கிறது. அட்டோவில் அதே அளவுக்கு நான் அரை மணி நேரத்தை ஒதுக்குகிறேன். பத்து நிமிடம் பெரிதில்லை என்று தோன்றலாம். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இரண்டு முனைகளுக்கு ஐந்தாறு வண்டிகள் காத்துக்கிடக்கும்போது, ஒவ்வொரு வண்டியும் பத்து நிமிடம் முன்னதாக விலகுவது வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் நன்மை. ஈப்போவில் ஒரு வணிக வளாகத்தில், சார்ஜருக்கு ஒதுக்கிய இடத்தில் பெட்ரோல் கார்களை நிறுத்தவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். காவலாளியிடம் முறையிட்டும் பலனில்லை. இத்தகைய இடங்களை நம்பிக் கையிருப்பைக் குறைத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது.

ஆயினும் நம்மைப் போன்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சார்ஜை வீட்டில்தான் ஏற்றுகிறோம். ஆகவே காரைவிட வீட்டு மின்னிணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பனை நிலையத்தில், “அட்டோ வீட்டுச் சார்ஜரின் மாற்றுமின்னில் 7 கிலோவாட்தான் வாங்கும், இ.மாஸ் 11 கிலோவாட் வாங்கும், பாதி நேரம் மிச்சம்” என்று சொல்வார்கள். அந்த 11 கிலோவாட் கிடைக்க வேண்டுமானால் வீட்டுக்கு மூன்று கட்ட மின்னிணைப்பு இருக்க வேண்டும். எங்கள் பட்டணத்தின் பழைய தாமான் வீடுகளில் பெரும்பாலானவை ஒற்றைக் கட்ட இணைப்பில் ஓடுபவை. தம்பியின் வீடும் அப்படித்தான். அதனால் அவனுடைய 11 கிலோவாட் வண்டியும் என்னுடைய 7 கிலோவாட் வண்டியும் இரவில் ஒரே வேகத்தில்தான் சார்ஜ் ஏறுகின்றன: 20 விழுக்காட்டில் செருகினால் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, விடிவதற்குள் நிறைந்துவிடும். அந்த ஒரு வசதிக்காக மூன்று கட்ட இணைப்புக்கு மாற்றச் செலவழிக்க வேண்டிய தேவை இல்லை.

செலவழிக்க வேண்டிய இடம் வேறு. சார்ஜருக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, அதற்கெனத் தனி மின்கசிவுத் துண்டிப்பி, நல்ல நிலத்தொடர்பு ஆகிய மூன்றையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். தோட்டத்து லயன் வீடு ஒன்றில் வசிக்கும் உறவினர், மூன்று முனை பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜரைப் பயன்படுத்தி வந்தார். அது சுமார் 2 கிலோவாட் அளவில், மெதுவாக, இரவு முழுவதும் விடாமல் இழுக்கும். முன்பு எப்போதோ எவரோ மெல்லிய கம்பியில் இழுத்து விட்டிருந்த அந்தச் சுவர் பிளக்கின் கீழ்த் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. கை வைத்தால் சுட்டது. கம்பியை மாற்றியபோது உறை உருகிச் செம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். அரிசிச் சோறு வேகும் இருபது நிமிடத்துக்குத் தாங்குகிற பிளக், பத்து மணி நேரத்துக்குத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய வீடுகளில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

மின்சாரம் வண்டியிலிருந்து வெளியே வரும் வசதி இரண்டிலும் உண்டு. சார்ஜ் துளையில் இணைப்பானைச் செருகினால் விளக்கு, மின்விசிறி, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு மின்சாரம் எடுக்கலாம். மின்கம்பம் எட்டாத தோட்டத்து ஓரக் கோயிலில் முனீஸ்வரர் பூசைக்கு இதைப் பயன்படுத்தினோம். மின்னாக்கியின் இரைச்சலும் புகையும் இல்லாததால் பாடியவர்களின் குரல் தெளிவாகக் கேட்டது.

ஓட்டும் செலவைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்துப் பேச ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த வீட்டு மின்கட்டண அமைப்பில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) பயன்படுத்துவோருக்கு அடிப்படைக் கட்டணங்களைக் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென் வருகிறது. நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று கொண்டால் 7 ரிங்கிட் சொச்சம். அரசின் பூடி 95 மானியத் திட்டத்தில் லிட்டருக்கு 1.99 ரிங்கிட் பெட்ரோல் கிடைக்கிற இன்றைய நிலையில், நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு ஏறத்தாழ 14 ரிங்கிட் ஆகும். பாதிக்குப் பாதி மிச்சம் என்பது உண்மை. ஆனால் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது 70 ரிங்கிட்டுக்கு மேல் போகாது என்பதும் உண்மை. மாதத் தவணையை அந்த மிச்சம் கட்டிவிடும் என்று சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம். நெடுஞ்சாலை வேக சார்ஜர்களில் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறார்கள் என்பதால் அங்கே மட்டும் ஏற்றுகிறவருக்கு இந்த மிச்சமும் கரைந்துவிடும். 2026 முதல் மின்சார கார்களுக்கும் சாலை வரி வந்துவிட்டது. மோட்டாரின் திறனைப் பொறுத்து 150 கிலோவாட் அட்டோவுக்கு ஆண்டுக்கு 160 ரிங்கிட், 160 கிலோவாட் இ.மாஸுக்கு 180 ரிங்கிட். இது ஒரு பொருட்டே இல்லை.

சேவை விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. புரோட்டோன் பட்டறை இல்லாத ஊர் ஏது, ஆகவே இ.மாஸுக்குக் கவலையில்லை என்று காப்பிக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இ.மாஸ் கார்களை விற்பதும் பராமரிப்பதும் புரோநெட் என்ற தனித் துணை நிறுவனத்தின் கீழ் வரும் நிலையங்கள். உங்கள் புரோட்டோன் சாகாவுக்கு எண்ணெய் மாற்றுகிற பக்கத்துப் பட்டறையில் இந்த வண்டியின் உயரழுத்த மின்கம்பியைத் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஈப்போவுக்கே தம்பியும் போகிறான், நானும் போகிறேன். உத்தரவாதமும் ஒன்றுதான்: வண்டிக்கு ஆறு ஆண்டுகள் அல்லது 150,000 கிலோமீட்டர், பேட்டரிக்கு எட்டு ஆண்டுகள் அல்லது 160,000 கிலோமீட்டர்.

இ.மாஸை நம் நாட்டுக் கார் என்று சொல்லலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது சீனாவின் ஜீலி நிறுவனத்தின் இஎக்ஸ்5 காரை அடிப்படையாகக் கொண்டது, புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை ஜீலி 2017-இல் வாங்கியது. இருந்தாலும் 2025 செப்டம்பரில் தஞ்சோங் மாலிமில் மின்சார வாகன ஆலை திறக்கப்பட்டு, இந்த வண்டியை அங்கேயே பூட்டுகிறார்கள். பேராக்கில் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் இடம் அது. 1985-இல் சாகா வந்த காலத்தில் தோட்டத்துக் கிராணிமாரும் ஆசிரியர்களும் முதல் காராக அதை வாங்கி வாசலில் நிறுத்திய பெருமையை எங்கள் தலைமுறை அறியும். அந்தப் பற்றுதலால் ஒருவர் இ.மாஸை வாங்கினால் அதில் குறை காண எதுவுமில்லை. வண்டியும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் தரத்தில்தான் இருக்கிறது.

நான் அட்டோவைக் கொடுத்துவிட்டு மாறப் போவதில்லை. புதிய வண்டிகளின் விலை இறங்கியதால் பழைய வண்டிக்குக் கிடைக்கும் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு, பெரிய திரைக்கும் வேக சார்ஜுக்கும் இன்னும் பல்லாயிரம் ரிங்கிட் சேர்த்துக் கொடுப்பதில் பொருளில்லை. தோட்டச் சடக்கில் அட்டோவின் மென்மையை நான் இழக்கவும் விரும்பவில்லை. ஆனால் இன்று புதிதாக வாங்க நினைக்கிறவர், அதிலும் வயதான பெற்றோரோடு நெடும்பயணம் போகிறவர், இ.மாஸ் 7-ஐத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் குறைந்த விலை வகையான பிரைம் 2024 டிசம்பரில் அறிமுகமானபோது 109,800 ரிங்கிட்; பேட்டரி 49.52 கிலோவாட் மணி, தூரம் 345 கிலோமீட்டர், சக்கரம் 18 அங்குலம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போய்வந்து, வீட்டிலேயே சார்ஜ் ஏற்றுகிறவருக்கு அது தாராளமாகப் போதும். சிறிய சக்கரம் நம் சடக்குகளுக்குப் பிரீமியத்தைவிட ஏற்றதாகவும் இருக்கும். மாதம் இருமுறையாவது கோலாலம்பூர் போகிறவர் மட்டும் கூடுதல் விலை கொடுத்துப் பிரீமியத்தை எடுத்துக்கொள்ளட்டும். எதை எடுத்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் மின்பணியாளரை அழைத்து வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.